நீராவி அவன் வாங்கலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பியும் கொழும்பில் இருந்து வரவழைத்தும் மேசையில் வைக்கிற நீராவி அவன் (ஸ்டீம் ஓவன்) வன்னிக் குசினிகளுக்கும் வர ஆரம்பித்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் கிளிநொச்சியில் குசினி மின்சாமான் திருத்துகிறவன். விற்பதில்லை, அதனால் எந்தப் பக்கமும் சாய வேண்டிய தேவை எனக்கில்லை.

முதலில் ஒரு விளக்கம். இந்தப் பெட்டிகளில் இரண்டு வகை உண்டு. தொட்டித் தண்ணீரை ஆவியாக்கி 100 பாகையில் அவிக்க மட்டும் தெரிந்தது ஒன்று. ஆவியோடு விசிறியும் உலர் சூடும் சேர்ந்து 200, 230 பாகை வரை போகிறது மற்றது. இரண்டாவதைக் கீழே 'கூட்டு அவன்' என்று எழுதுகிறேன்.

பரந்தனில் இருந்து ஓர் அக்கா: வீட்டில் ஏழு பேர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடியப்பம், மற்ற நாள் பிட்டு. காஸ் விலைக்கு இதை வாங்கினால் லாபமோ?

வேண்டாம் அக்கா. கொதிக்கிற சட்டிக்குள்ளும் ஆவி 100 பாகைதான், அந்தப் பெட்டிக்குள்ளும் 100 பாகைதான். விலை கூடின பெட்டி என்பதற்காக ஆவி கூடச் சுடாது.

இட அளவையும் பாருங்கள். மேசையில் வைக்கிற அவனின் தட்டு பெரும்பாலும் 30 சென்ரிமீற்றர் அகலத்துக்குள்தான் வரும். இடியப்பத் தட்டைப் பரப்பினால் நாலு கொள்ளும். இரண்டு அடுக்கு வைத்தால் எட்டு. உங்கள் வீட்டுச் சட்டியில் தட்டுக்கு மேல் தட்டாக அடுக்கி ஒரே மூச்சில் இருபது அவிப்பீர்கள். ஏழு பேருக்கு அவனில் அவித்து முடிக்கும்போது முதல் ஈடு ஆறிப்போயிருக்கும்.

பிட்டுக்கு இன்னொரு சிக்கல். நீத்துப்பெட்டி பானை வாயை இறுக்கி அடைத்திருப்பதால் ஆவிக்கு வேறு வழியில்லை, மாவுக்குள்ளால்தான் ஏறி வரவேண்டும். அவனில் ஆவி பெட்டி முழுக்கப் பரவி நிற்கும், மாவுக்குள் தள்ளுப்பட்டுப் போகாது. குவியலாக வைத்தால் வெளியில் நனைந்தும் நடுவில் பச்சை மாவாகவும் வரும். துளைத் தட்டில் துணி விரித்து மெல்லிசாகப் பரப்பினால் அவியும், ஆனால் அது பிட்டு மாதிரி இராது. சிவப்பரிசி மாப் பிட்டுச் சாப்பிட்டு வளர்ந்த ஆள் அதைத் தொடமாட்டார்.

முள்ளியவளையில் இருந்து ஒரு தங்கச்சி: வீட்டில் கேக், பணிஸ் செய்து விற்கிறேன். பாணும் தொடங்க விருப்பம். எனக்குப் பிரயோசனப்படுமா?

உங்களுக்குத்தான் உண்மையில் பிரயோசனம். ஆனால் கூட்டு அவன் மட்டும்.

பாண் வேகத் தொடங்கிய முதல் பத்துப் பதினைந்து நிமிடம் முக்கியம். அந்த நேரத்தில் ஆவி இருந்தால் மாவின் மேல்தோல் காயாமல் இளகி இருக்கும், உள்ளே காற்று விரிய விரியப் பாண் தடையில்லாமல் எழும்பும். ஆவி இல்லாத அவனில் தோல் முந்திக் காய்ந்து பக்கவாட்டில் வெடிக்கும். மேலே படிகிற ஈரத்தில் மாப்பொருள் கூழாகி, பிறகு காய்ந்துதான் அந்தப் பளபளப்பு வருகிறது. ஆகவே தொடக்கத்தில் ஆவி, பிறகு ஆவியை நிறுத்தி உலர் சூடு. இந்த மாற்றத்தைத் தானாகச் செய்கிற அவனாகப் பாருங்கள். மா புளிக்க வைக்கவும் உதவும்: 30, 35 பாகையில் இலேசான ஈரத்தோடு நிறுத்தக்கூடிய மாதிரிகள் இருக்கின்றன. மார்கழி மழையில் மா பொங்க மாட்டேன் என்று நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

கேக்குக்கு ஆவி தேவையில்லை. கேக் மட்டும்தான் விற்கப் போகிறீர்கள் என்றால் அதே காசுக்கு இதைவிடப் பெரிய சாதாரண அவன் கிடைக்கும், அதை எடுங்கள். 25 லீற்றர் பெட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு அச்சுப் பாண்தான் போகும். காலையில் ஐம்பது பாண் கேட்டு ஆள் வந்தால் இந்தப் பெட்டியை நம்பி ஓம் சொல்லிவிட வேண்டாம்.

எருக்கலம்பிட்டியில் இருந்து ஒரு ராத்தா: பெருநாளுக்கு வட்டிலப்பம் அவித்தால் சில நேரம் உள்ளே ஓட்டை ஓட்டையாக வருகிறது. இந்த அவனில் சரியாக வருமா?

வரும். முட்டைக் கலவை 80, 85 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும். 100 பாகை ஆவியில் விட்டால் ஓரம் கொதித்துக் குமிழி கட்டும், நடு இன்னும் ஆடிக்கொண்டு நிற்கும். அந்தக் குமிழிதான் பிறகு ஓட்டை. 85, 90 பாகைக்கு வைக்கக்கூடிய நீராவி அவனில், கிண்ணத்தை அலுமினியத் தாளால் மூடி நேரமெடுத்து அவித்தால் கத்தி வெட்டுக்கு வழுவழுப்பாக வரும். கிண்ணத்தை மெல்லத் தட்டிப் பாருங்கள், நடுவில் ஒரு ரூபாய்க் குற்றியளவு மட்டும் அசைந்தால் எடுத்துவிடலாம்.

ஆனால் பெருநாளுக்கு மட்டும் என்றால் அவன் வாங்க வேண்டாம் ராத்தா. சட்டியில் தண்ணீர் துள்ளாத அளவுக்கு நெருப்பைத் தணித்து, மூடிக்குத் துணி சுற்றி, மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். முக்கால் பங்கு வித்தியாசம் அதிலேயே வந்துவிடும்.

புதுக்குடியிருப்பில் இருந்து: கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? ஆவி என்றபடியால் செலவு குறைவு என்று கடையில் சொன்னார்கள்.

கடைக்காரர் சொன்னதைத் தண்ணீர்த் தொட்டியை வைத்தே சரிபார்க்கலாம். கிணத்தடிச் சூட்டில் உள்ள ஒரு லீற்றர் தண்ணீரை முழுக்க ஆவியாக்க ஏறக்குறைய 0.7 அலகு மின்சாரம் வேண்டும். எந்தக் கம்பனி செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் ஊற்றித் தீர்க்கிறீர்களோ அதை 0.7 ஆல் பெருக்குங்கள், அதுதான் அடிமட்டச் செலவு. பெட்டி சூடாவதற்கும் வெளியில் போகிற சூட்டுக்கும் கொஞ்சம் மேலே போகும்.

1500 வாற் அவனை நாளுக்கு அரை மணி நேரம் ஓடவிட்டால் மாதம் ஏறக்குறைய 22 அலகு. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 60 அலகுக்குள் நிற்கிற வீடு 60ஐத் தாண்டினால், இப்போதைய முறையில், முதல் அலகில் இருந்தே வேறு கட்டண வரிசைக்குப் போய்விடும். 45 அலகு எரிக்கிற வீட்டில் இந்த 22ஐச் சேர்த்தால் பில் பாய்ந்து ஏறும். ஏற்கெனவே 120, 150 எரிக்கிற வீட்டுக்கு முதல் அலகில் இருந்தே வரிசை மாறுகிற அந்த அடி இல்லை.

காஸோடு ஒப்பிட ஒரு குறுக்கு வழி: 12.5 கிலோ சிலிண்டரின் விலையை 80 ஆல் வகுங்கள். அந்தக் காஸில் கிட்டத்தட்ட 160 அலகுச் சூடு இருக்கிறது, பாதி சட்டிக்கு வெளியே வீணாகும். வருகிற தொகையை உங்கள் பில்லில் கடைசி அலகுக்குப் போட்ட விலையோடு வைத்துப் பாருங்கள். விறகு எரிக்கிற வீடு இந்தக் கணக்குக்கே வரவேண்டாம்.

மல்லாவியில் இருந்து ஓர் ஐயா: எங்கள் கிணத்துத் தண்ணீரில் கேத்தல் அடி வெள்ளையாகப் படை பிடிக்கிறது. இந்த அவனுக்கு அந்தத் தண்ணீர் ஊற்றலாமோ?

நல்ல கேள்வி ஐயா. வாங்குகிற நாளில் யாரும் இதை யோசிப்பதில்லை. வன்னியில் நீராவி அவனைக் கொல்லப் போவது கரண்ட் இல்லை, கிணத்துத் தண்ணீர்தான்.

சுண்ணாம்பு கூடின தண்ணீர் கொதிக்கும்போது கரைந்திருக்கிற சுண்ணாம்பு கல்லாகப் படியும். ஆவி போகும், கல் நிற்கும். கேத்தலில் அதைக் கண்ணால் காண்கிறீர்கள், சுரண்டிவிடலாம். அவனுக்குள்ளே சூடேற்றித் தட்டிலும் பென்சில் தடிப்புக் குழாயிலும் படிந்தால் காணமாட்டீர்கள். முதலில் ஆவி வர நேரமெடுக்கும், பிறகு சூடேற்றியில் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், கடைசியில் குழாய் அடைத்துப் பம்ப் நின்றுவிடும். என் மேசைக்கு வருகிற கேத்தல், காப்பி மெசின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

என்ன செய்யலாம்? கிராமங்களில் சுத்திகரித்து விற்கிற ஆர்ஓ தண்ணீர் நல்லது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சில மாதிரிகள் தண்ணீரில் உள்ள உப்பை வைத்துத்தான் தொட்டியில் தண்ணீர் இருப்பதை உணரும். அளவுக்கு மிஞ்சிச் சுத்தமான தண்ணீரை ஊற்றினால் 'தொட்டி வெறுமை' என்று காட்டும். கூட வருகிற புத்தகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் கூடாது என்று போட்டிருந்தால் ஆர்ஓ தண்ணீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைக் கலந்து ஊற்றுங்கள். ஆர்ஓ கிடைக்காத இடத்தில் கிணத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஓர் இரவு தெளியவிட்டு, அடியைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் துணியில் வடித்து எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி பானை அடியிலேயே தங்கிவிடும். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறு என்றால் அதுவும் உதவாது, உப்பு துருப்பிடிக்காத உருக்கையும் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

படை எடுக்க ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 கிராம் சிற்றிக் அமிலம் கரைத்து, அவனின் சுத்தம் செய்யும் முறையில் ஓடவிட்டு, பிறகு இரண்டு தரம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் மணம் போக நாளெடுக்கும், அடுத்த நாள் அவிக்கிற கொழுக்கட்டையிலும் அடிக்கும். தேசிக்காயைப் பிழிந்து ஊற்ற வேண்டாம், சக்கை குழாயை அடைக்கும்.

நெடுங்கேணியில் இருந்து: மச்சாள் கனடாவில் தான் பாவித்த அவனை அனுப்புகிறேன் என்கிறா. வாங்கி வைக்கட்டோ?

வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அங்கே 120 வோல்ற், இங்கே 230. நேராகச் செருகினால் சூடேற்றி மூன்றரை மடங்குக்கும் மேலான வலுவை இழுத்து நொடியில் எரியும். மாற்றிப் போட 2000 வாற்றுக்கு மேலான ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அது பாரமும் விலையும், குசினியில் ஒரு மூலையையும் பிடிக்கும்.

லண்டனில் இருந்து என்றால் பிரச்சினை இல்லை, பிளக்கும் 13 அம்பியர்தான். சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி அவனுக்கும் வோல்ற் பொருந்தும், பிளக்கை மட்டும் வெட்டி எர்த் வயரோடு 13 அம்பியர் பிளக் போடவேண்டும். இரண்டு கம்பி அடாப்டரில் செருகி ஓட்டாதீர்கள். ஈரமும் இரும்பும் கரண்டும் ஒன்றாக இருக்கிற சாமான், எர்த் இல்லாமல் தொடவே கூடாது.

அக்கராயனில் இருந்து ஒரு தம்பி: வீட்டுத்திட்ட வீடு. குசினியில் ஒரே ஒரு பிளக் பொயின்ற். பின்னேரம் வோல்ற்றேஜும் குறையும்.

1500 வாற் அவன் ஆறரை அம்பியர் இழுக்கும், 2000 வாற் என்றால் ஒன்பது அளவில். 13 அம்பியர் பொயின்ற், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் தாங்கும். பழைய 5 அம்பியர் பொயின்றில் கூடாது. ஒரே எக்ஸ்டென்சனில் ரைஸ் குக்கரும் அவனும் கூடவே கூடாது.

வோல்ற்றேஜ் 230 இல் இருந்து 190க்கு இறங்கினால் சூடு மூன்றில் இரண்டாகிவிடும். புத்தகத்தில் 20 நிமிடம் என்றால் உங்களுக்கு அரை மணி. அவன் பழுது என்று என்னிடம் கொண்டுவர முதல் மீற்றரால் ஒருக்கால் அளந்து பாருங்கள்.

துணுக்காயில் இருந்து: மரவள்ளி, பனங்கிழங்கு இதில் அவிக்கலாமா?

மரவள்ளியை ஆவியில் அவிக்காதீர்கள். அதில் உள்ள சயனைட்டுப் பொருள் தண்ணீரில் கரைந்து வெளியேற வேண்டும், ஆவியில் பெரும்பங்கு கிழங்கிலேயே நின்றுவிடும். அம்மாமார் செய்கிற மாதிரித் தோலுரித்துத் துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து வடித்து ஊற்றுங்கள். பனங்கிழங்கு அவனுக்குள் நீளத்துக்குப் போகாது, முறித்துத்தான் வைக்கவேண்டும். அதுக்கு அடுப்பும் பெரிய பானையும்தான் சரி.

வவுனியாவில் இருந்து: 'ஸ்டீம்' என்று போட்ட மைக்ரோவேவும் எயார் ஃப்ரையரும் விலை குறைவாகக் கிடைக்கிறதே?

மைக்ரோவேவோடு வருகிறது அநேகமாக ஒரு பிளாஸ்டிக் ஆவிப் பாத்திரம் மட்டும்தான். எயார் ஃப்ரையரில் தனித் தொட்டியும் சூடேற்றியும் இருந்தால் உண்மையானது, ஆனால் கூடை சின்னது. இரண்டு பேர் வீட்டுக்கு அது போதும்.

மாங்குளத்தில் இருந்து: அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, பகலில் தனிய இருக்கிறா. அடுப்பை மூட்டிவிட்டு மறந்துவிடுகிறா என்று பயம்.

இந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். வெறும் ஆவி வகையே போதும், கூட்டு அவன் தேவையில்லை. நேரம் முடியத் தானாக நிற்கும், தொட்டி வற்றினாலும் நிற்கும், நெருப்பும் இல்லை. காலையில் நீங்கள் மீன் துண்டையும் கீரையையும் உப்புப் புளி போட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போனால், மத்தியானம் அவ தட்டை உள்ளே வைத்து அவனை ஓடவிட்டால் சரி. ஆனால் மீனை வெளியில் கிடக்க விடாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். நேற்றைய சோறும் ஆவியில் சூடாக்கினால் காயாமல் பூப்போல வரும். திருகுகிற குமிழ் உள்ளதாகப் பாருங்கள், தொடுதிரை வயதானவர்களின் காய்ந்த விரலுக்குச் சில நேரம் கேட்காது.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள்: கதவைத் திறக்கும்போது நேரே நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். முதலில் ஒரு விரல் அளவுக்குத் திறந்து ஆவியை விட்டுவிட்டுப் பிறகு முழுக்கத் திறக்க வேண்டும். அவனை முகத்தளவு உயரத்தில் வைக்காதீர்கள், மேலே பலகைத் தட்டும் இருக்கக் கூடாது, ஆவியில் ஊதிப் பிளக்கும்.

பூநகரியில் இருந்து: கடையில் நிற்கிறேன், அவசரமாகச் சொல்லுங்கள், என்ன பார்க்க?

தொட்டி கழற்றக்கூடியதா. ஆவி எழும்புகிற தட்டு உள்ளே தரையில் கண்ணுக்குத் தெரிகிறதா (தெரிந்தால் படையைத் துடைக்கலாம், தெரியாவிட்டால் குழாய்க்குள் இருக்கும்). கதவு ரப்பர் கழன்று வருமா, தனியாக வாங்கக் கிடைக்குமா. வடிகிற தண்ணீரைப் பிடிக்கத் தட்டு முன்னால் இருக்கிறதா. உத்தரவாதத்தில் திருத்துகிற இடம் எந்த ஊர் என்று எழுத்தில் கேளுங்கள். கொழும்பு மட்டும் என்றால் ஏற்றி இறக்குகிற கூலியையும் விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.