விதிகளுக்குப் பூட்டுப் போட்ட பிறகே படங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் ரோல்பிளே கேம் ஒன்றைத் தமிழில் எழுதி, எங்களுக்குள் ஆடியும் பார்த்துவிட்டோம். ஏ5 அளவில் 160 பக்கப் புத்தகமாக அச்சிட ஆசை. ஒருவர் விதிகளை எழுதுகிறார், ஒருவர் கதையுலகை எழுதுகிறார், ஒருவர் வரைகிறார், ஒருவருக்குப் பக்கங்களை வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருள் தெரியும். எந்த வேலையை யார், எந்த வரிசையில் செய்வது?

பதில்: உங்கள் பட்டியலில் இரண்டு பேரைக் காணோம். ஒருவர் எடிட்டர். இன்னொருவர், “போதும், இனி மாற்றம் கிடையாது” என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர். இந்த இரண்டாமவர் உங்கள் நால்வரில் ஒருவராகவே இருக்கலாம், விதிகளை எழுதியவராக மட்டும் வேண்டாம். அவருக்குத் தன் விதியில் இன்னும் திருத்த ஏதாவது தெரிந்துகொண்டே இருக்கும்.

எங்களுக்குள் ஆடினோம் என்பது பாதிச் சோதனைதான். எழுதியவர் மேசையில் இருந்தால் புத்தகத்தில் விட்டுப்போனதை வாயால் நிரப்பிவிடுவார், அது அவருக்கே தெரியாது. உங்களைத் தெரியாத மூன்று குழுக்களிடமாவது பிரதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். பாத்திரம் உருவாக்க எத்தனை நிமிடம் ஆனது, எந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்கள், எந்த விதியைக் கைவிட்டு ஆடினார்கள் என்று கேளுங்கள்.

பகடைக் கணக்கையும் இப்போதே முடித்துவிடுங்கள். இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டு 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி என்றால் வாய்ப்பு 36-க்கு 21, சுமார் 58 விழுக்காடு. பாத்திரத்தின் திறமைக்காக அந்தக் கூட்டில் +1 கொடுத்தால் 72, +2-க்கு 83, +3-க்கு 92. தாராளமாக +3 வழங்கும் ஆட்டத்தில் பகடை உருட்டுவது வெறும் சடங்காகிவிடும்.

இதற்குப் பிறகு விதிகளுக்குப் பூட்டு. அடுத்து எடிட்டர் கைக்குப் போகும். பெரிய விபத்துகள் நடப்பது இங்கேதான். “7 அல்லது அதற்கு மேல்” என்பது நீளமாக இருக்கிறதென்று எடிட்டர் “7-க்கு மேல்” என்று சுருக்கினால் வாக்கியம் அழகாகும், வெற்றி வாய்ப்பு 58-இலிருந்து 42-க்கு இறங்கிவிடும். எண்ணோ நிபந்தனையோ வரும் வரியைத் தொட்டால் எடிட்டர் அதற்கு வண்ணமிட வேண்டும். விதி எழுதியவர் அந்த வரிகளை மட்டும் பார்த்து ஒப்புதல் தரட்டும். மற்ற வரிகளில் அவர் வாய் திறக்கக் கூடாது.

தமிழில் எழுதுவதால் ஒரு தலைவலி கூடுதல். ஆட்டச் சொல்லைப் பாதியில் மாற்றினால் ‘கண்டுபிடித்து மாற்று’ உதவாது. “வீரம்” என்ற பண்பைத் “துணிவு” ஆக்க நினைத்தால், வீரத்தை, வீரத்தால், வீரமும் எல்லாம் தேடலில் தப்பிவிடும். “வீர” என்று தேடினால் வீரர்களும் வந்து மாட்டுவார்கள். ஆகவே எடிட்டிங் தொடங்கும் முன்பே ஆட்டச் சொற்களின் பட்டியலை நால்வரும் பேசி முடிவு செய்யுங்கள்.

அட்டைப்படத்தையும் கதையுலகக் காட்சிகளையும் ஓவியர் முன்பே தொடங்கலாம், அவை விதிகளைச் சார்ந்தவை அல்ல. உள்படங்கள் மட்டும் பூட்டுக்குப் பிறகு. ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் பக்கம், என்ன அளவு, யார் இருக்க வேண்டும், கையில் என்ன ஆயுதம் என்று எழுதிக் கொடுங்கள். திருத்தம் பென்சில் நிலையோடு சரி. ஏ5 முழுப் பக்கப் படத்துக்கு, அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காக நாற்புறமும் 3 மி.மீ. கூட்டினால் 154 × 216 மி.மீ. அதை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வரைய சுமார் 1820 × 2552 பிக்சல் வேண்டும். கதையுலக வரைபடமென்றால் எழுத்துகளும் ரகசியக் கதவுகளும் தனித்தனி அடுக்கில் இருக்கட்டும். ரகசியக் கதவுகள் இல்லாத ஒரு பிரதியை ஆட்டக்காரர்களுக்காகத் தனியே எடுக்கலாம்.

நண்பர்தானே என்று எழுத்து ஒப்பந்தத்தை விட்டுவிடாதீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத பட்சத்தில், பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். முதல் புத்தகம் ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம்.

இன்டிசைன் தெரிந்தவர் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துகள் தனிக் கறுப்பு மையில் மட்டும் இருக்கட்டும். நான்கு மையும் கலந்தால், அச்சு இம்மி விலகினாலும் சிறிய எழுத்துக்கு நிழல் விழும். “பக்கம் 00 பார்க்க” என்று விட்ட இடங்களைக் கடைசி நாளில், பக்கங்கள் நகராது என்று உறுதியான பிறகு நிரப்புங்கள். பிறகு “00” என்று தேடுங்கள். ஒன்றிரண்டாவது சிக்கும்.

16 பக்க ஃபாரமாக (ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடிக்கும் பக்கக் கட்டு) அச்சடித்தால் 160 பக்கம் சரியாக 10 ஃபாரம். 163 ஆனால் குறைந்தது இன்னொரு அரை ஃபாரம், அதில் 5 பக்கம் வெறுமை. முதுகின் அகலத்துக்கு 80 தாள்களை ஒரு தாளின் தடிமனால் பெருக்குங்கள். தாள் 0.12 மி.மீ. என்றால் 9.6 மி.மீ. தடிமனை அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள், ஊகிக்க வேண்டாம். இந்தப் புத்தகம் மேசையில் மணிக்கணக்கில் விரிந்து கிடக்கும், பசை மட்டும் போட்ட பைண்டிங் சீக்கிரம் தாள் உதிர்க்கும். செலவு கூடினாலும் ஃபாரம் தைத்த பைண்டிங் கேளுங்கள்.

முன்பதிவு செய்தவர்களுக்கு, அச்சுக்கு அனுப்ப மூன்று வாரம் முன்பே பிடிஎஃப் கொடுத்துவிடுங்கள். நீங்கள் நால்வரும் பார்க்காத பிழையை அவர்கள் முதல் நாளே பிடிப்பார்கள். புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் விண்ணப்பிக்க வேண்டும். அச்சுப் பிரதிக்கும் பிடிஎஃபுக்கும் தனித்தனி எண் கேளுங்கள். எண் வரும்வரை பின்னட்டையை முடிக்க முடியாது என்பதால், எடிட்டிங் நடக்கும்போதே விண்ணப்பம் போய்விடட்டும்.