தையல் ஆறட்டும், மொட்டைக்கு அவசரமில்லை

பாலித் தீவில் ஸ்கூட்டர் கவிழ்ந்து, தலையில் தையலோடு உயிர் தப்பி வந்திருக்கிறீர்கள். பழனியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார், தள்ளிப்போட்டால் தெய்வக் குற்றமாகுமா என்று கேட்கிறீர்கள். ஆகாது. நேர்த்திக்கடனுக்குக் கெடு வைப்பதெல்லாம் நாம்தான். அம்மாவுக்கு மனம் ஆறவில்லை என்றால், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்தின் முன் வைக்கச் சொல்லுங்கள். தழும்பின் மேல் சவரக் கத்தி எப்போது படலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், பெரியப்பா அல்ல. போகும்போதும் மலைப் படிகளை ஏறிக் காட்ட வேண்டாம், விஞ்ச் இருக்கிறது.

விழுந்த இடத்தில் கடைக்கார அம்மா ஓலைத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்து ஏதோ முணுமுணுத்ததாகப் பயந்து எழுதியிருந்தீர்கள். விபத்தின் அதிர்ச்சியில் உடலை விட்டு விலகிய உயிராற்றலைத் திரும்ப அழைக்க, அதே இடத்தில் சடங்கு செய்வது பாலி இந்துக்களின் வழக்கம். ஙுலாப்பின் என்பார்கள். அவர் செய்ததும் அநேகமாக அந்த எண்ணத்தில்தான். ஊர் பேர் தெரியாத உங்களுக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்!

எந்தச் சாமி காப்பாற்றியது என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். ஹெல்மெட்டுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். பழனிக்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நீங்கள் எழுந்து நடக்கும் வீடியோவை, தங்கிய விடுதிக்காரர் மூலம் அந்த அம்மாவுக்கு அனுப்புங்கள். பணம் அனுப்பலாமா என்பதையும் விடுதிக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.