சளிப்படலத்தைத் தின்னும் பாக்டீரியாக்கள்

அன்புள்ள ஐயா,

குடலின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் நம் குடலில் வாழ்வதாக உங்கள் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். காவலையே தின்பவை எப்படி நன்மை செய்யும்? அவை இல்லாவிட்டால் படலம் இன்னும் வலுவாக இருக்குமல்லவா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரண்டாவது கேள்விக்குச் சோதனைக்கூடத்திலேயே விடை இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். எந்த நுண்ணுயிரும் அண்டாமல் வளர்க்கப்படும் எலிகளின் பெருங்குடலில், சுவரை ஒட்டிய சளி, சாதாரண எலிகளுடையதைவிட எளிதில் ஊடுருவக்கூடியதாக இருக்கிறது. அவற்றின் குடலில் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய பிறகும் அது இயல்பு நிலையை அடையச் சில வாரங்கள் ஆகின்றன. அதாவது, படலம் சரியாக உருவாவதற்கே பாக்டீரியாக்களின் தூண்டுதல் வேண்டியிருக்கிறது.

பெருங்குடலின் சளிப்படலம் ஈரடுக்கு கொண்டது. கோப்பை வடிவச் செல்கள் சுரக்கும் மியூசின் என்னும் புரதமே இரண்டுக்கும் அடிப்படை. அதன் எடையில் பெரும்பகுதி அதனோடு பிணைந்த சர்க்கரைச் சங்கிலிகள்தான். இறுக்கமான உள்ளடுக்கில் பாக்டீரியாக்கள் இருப்பதில்லை என்பதை ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குன்னர் ஹான்சனின் குழுவினர் 2008இல் எலிகளில் காட்டினர். பாக்டீரியாக்கள் தங்கி அந்தச் சர்க்கரைகளைத் தின்பது தளர்வான வெளியடுக்கில். அது குறையக் குறைய அடியிலிருந்து புதிய சளி வந்துகொண்டே இருக்கிறது. எனவே தின்பது மட்டுமே கேடாகிவிடாது. சுரக்கும் வேகத்தைத் தின்னும் வேகம் மிஞ்சும்போதுதான் சிக்கல்.

முதல் கேள்விக்கு அக்கர்மன்சியா மியூசினிஃபிலா நல்ல சான்று. 2004இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் விவரித்த இந்தப் பாக்டீரியா மியூசினை மட்டுமே தின்று வாழக்கூடியது. ஆயினும், கொழுப்பு மிகுந்த உணவால் பருத்து, சளிப்படலம் மெலிந்துபோன எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது படலம் மீண்டும் தடித்தது என்று 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வேறு சில பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் என்னும் கொழுப்பமிலத்தைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அதுதான்.

கேடு எப்போது வருகிறது என்பதை 2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எரிக் மார்ட்டென்ஸ் முதலானோர் தெளிவாக்கினர். மனிதக் குடலின் 14 பாக்டீரியா வகைகளைக் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தை நிறுத்தியதும், சளியைத் தின்பவை பெருகிப் படலத்தைக் கரைத்தன. பிறகு செலுத்தப்பட்ட நோய்க்கிருமி எளிதாகச் சுவரை எட்டிக் குடலைக் கடுமையாக அழற்சியுறச் செய்தது. அதே 14 வகைகளுடன் நார்ச்சத்தும் பெற்ற எலிகள் பெரும்பாலும் தப்பின.

இவை எலிகளில் கண்டவை; மனிதருக்கு அப்படியே பொருத்துவதில் நிதானம் வேண்டும். ஆனால் அந்த ஆய்வின் ஒரு முடிவு நார்த்தூள் வாங்குவோர் அறிய வேண்டியது: சுத்திகரித்த கரையும் நார்ப்பொருள்களைக் கலந்து கொடுத்தும் படலம் தேய்வது நிற்கவில்லை. அதைக் காத்தது, அதிகம் பதப்படுத்தாத தாவரப் பொருள்கள் அடங்கிய உணவே.