மருத்துவர் பதில்: மங்கிய சூரியனும் பரணில் செத்த எலியும்

மகனுக்குக் காய்ச்சல், கழுத்தில் கட்டி, பரணில் செத்த எலி, இது பிளேக்காக இருக்குமோ என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்களே எலி மருந்து வைத்த பரணில் ஓர் எலி செத்துக் கிடப்பது பிளேக்கின் அறிகுறி அன்று. மகனின் கழுத்தில் வலியில்லாமல் இருக்கும் பட்டாணி அளவுக் கட்டியும் அப்படித்தான். பிளேக் கட்டி கடுங்காய்ச்சலோடு, தொட விடாத வலியோடு வரும். எரிமலையால் பருவம் தவறிப் பிளேக் பரவிய வரலாற்றை இணையத்தில் படித்துவிட்டு, காய்ச்சலில் படுத்த 14 வயதுப் பையனுக்கு நீங்களாகவே டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைக் கொடுத்ததுதான் எனக்குக் கவலை தருகிறது.

படித்தது கட்டுக்கதை அன்று. கி.பி. 536-இலும் 540-இலும் பெரும் எரிமலைகள் வெடித்ததைத் துருவப் பனியில் படிந்த கந்தகமும், அடுத்து வந்த குளிரை மர வளையங்களும் காட்டுகின்றன. சூரியன் நிலவைப்போல் மங்கியிருந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதினார். 541-இல் எகிப்தின் பெலூசியத்தில் தென்பட்ட பிளேக் மறு ஆண்டே கான்ஸ்டாண்டினோப்பிளை (இன்றைய இஸ்தான்புல்) அடைந்தது. ஆனால் குளிர் கிருமியைப் படைப்பதில்லை. அது விளைச்சலைக் கெடுத்து மக்களை நலிவித்திருக்கலாம். நோய் பரவ எலியும் தெள்ளுப்பூச்சியும், அவற்றை ஊர்விட்டு ஊர் சுமக்கும் கப்பல்களும் வேண்டியிருந்தன. அன்று இது எவருக்கும் தெரியாது. பிளேக் கிருமியை மருத்துவ ஆய்வாளர் யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்ததே 1894-இல்தான். நமக்குத் தெரியும், மருந்தும் இருக்கிறது. இருந்தும் 1994-இல் சூரத்தில் பிளேக் என்றதும் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள், கடைகளில் டாக்சிசைக்ளின் வகையைச் சேர்ந்த டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோனது. உங்கள் அலமாரியில் இருக்கும் இரண்டு மாத்திரை அட்டையும் அதே பீதிதான்.

தேங்கிய மழைநீரில் நடந்து பையன் பள்ளிக்குப் போனான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். எலியின் சிறுநீர் கலந்த நீர் காலில் உள்ள சிராய்ப்பு வழியே உடலுக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை (லெப்டோஸ்பைரோசிஸ்) உண்டாக்கும். அவன் கெண்டைக்கால் தசையை மெல்ல அழுத்திப் பாருங்கள். வலியில் காலை இழுத்துக்கொண்டாலோ, கண்கள் சிவந்திருந்தாலோ, இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக் காலையில் அவனைக் காட்டியே ஆக வேண்டும், ஏனெனில் டெங்குவும் இதே மழைக்காலத்தில் இதே போன்ற காய்ச்சலோடுதான் தொடங்குகிறது.

பரிசோதனைக்குப் பிறகு மருத்துவரும் டாக்சிசைக்ளினையே எழுதக்கூடும். அதற்காக நீங்கள் கொடுத்தது சரியாகிவிடாது. அரைகுறையாகக் கொடுத்த மாத்திரை சில பரிசோதனைகளின் முடிவைக் குழப்பிவிடும். எத்தனை மாத்திரை, எந்த நேரத்தில் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.