கைதானே நடுங்குகிறது, கால் ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பத்து வருடமாகக் கை நடுக்கம். பார்க்கின்சன் இல்லை, எசென்ஷியல் ட்ரெமர் என்கிற நடுக்க நோய்தான், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்கிறவர், இப்போது நாலு அடி வைப்பதற்குள் தள்ளாடுகிறார். விழுந்துவிடுவோமோ என்று ஆறு மாதமாக வாசலைத் தாண்டுவதில்லை. மறதியும் கூடியிருக்கிறது. இதெல்லாம் நடுக்கத்தோடு சேர்ந்ததா, வயசா? பேசாமல் வீட்டிலேயே உட்கார வைத்துவிடலாமா?
- மகள், அல்சூர், பெங்களூரு

பதில்: உட்கார வைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

நீங்கள் அடிப்பிரதட்சிணத்தைக் குறிப்பிட்டது நல்லதாகப் போயிற்று. நரம்பியல் டாக்டர்கள், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், கிட்டத்தட்ட அடிப்பிரதட்சிணமேதான். எசென்ஷியல் ட்ரெமர் உள்ளவர்களில் பலர், அதிலும் வயதானவர்கள், இந்த நடையில் தங்கள் வயதுக்காரர்களைவிட அதிகமாகத் தடுமாறுகிறார்கள். நடுக்கம் கையில் தெரிகிறதே தவிர, அது தொடங்குவது மூளையில். சிறுமூளையும் அதோடு சேர்ந்த நரம்புப் பாதைகளும் இதில் சம்பந்தப்பட்டவை. டம்ளர் வாய்க்குப் போகும்போது கையை நிதானப்படுத்துகிற அதே சிறுமூளைதான் நடக்கும்போது உடம்பு சாயாமல் பிடித்துக்கொள்கிறது. முன்பெல்லாம் இந்த நோயின் பெயருக்கு முன்னால் ‘தீங்கற்ற’ என்று ஓர் அடைமொழி போடுவார்கள், இப்போது பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள்.

மறதி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். நடுக்கம் உள்ள சிலருக்குக் கவனம், திட்டமிடுதல், ஒரு வேலையிலிருந்து சட்டென்று இன்னொன்றுக்கு மாறுவது, இதிலெல்லாம் லேசான குறை இருக்கிறது. வயதான பிறகு நடுக்கம் தொடங்கியவர்களுக்கு நினைவுக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. அதனால் நடுக்கத்தின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும் தள்ளாட்டம் வரும், மறதி வரும், சைவச் சாப்பாட்டுக்காரர்களிடம் இது நிறைய. தைராய்டு, கண், காது, சாப்பிடுகிற மாத்திரைகள், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தள்ளாட்டம் திடீரென்று ஒரே நாளில் வந்திருந்தால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் பலம் குறைந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

என் பெரியப்பாவுக்கும் இதே நடுக்கம்தான். கல்யாணப் பந்தியில் நாலு பேர் பார்க்கச் சாம்பார் சிந்திவிடும் என்று கல்யாணத்துக்குப் போவதையே விட்டார், பிறகு கடைக்கு, பிறகு நடைக்கு. அவர் ஒடுங்கிப்போனதில் நடுக்கத்தின் பங்கு பாதிதான், மீதி அந்த வீட்டுச் சுவர்கள் செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. உட்கார உட்காரத் தொடைச் சதை குறைகிறது, தடுமாற்றம் கூடுகிறது, பயம் கூடுகிறது, பேச ஆள் குறைகிறது, மூளைக்கும் வேலை குறைகிறது. நடமாட்டம் குறைந்தவர்களுக்குத்தான் தடுமாற்றமும் யோசிப்பதில் தடங்கலும் அதிகமா, அல்லது தடுமாறுவதால்தான் நடமாட்டத்தைக் குறைக்கிறார்களா? இரண்டு பக்கமும் உண்மை இருக்கும். எப்படியானாலும் நடப்பதால் நன்மைதான், அதனால் தீர்ப்பு வரும்வரை அம்மா காத்திருக்க வேண்டாம்.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பியுங்கள், ஒற்றைக் காலில் ஐந்து எண்ணும் வரை நிற்கட்டும், அப்புறம் மறு கால். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, முதலில் ஐந்து தடவை போதும். பிறகு சுவரோரமாக அதே அடிப்பிரதட்சிண நடை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துச் சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. நம் ஊர் நடைபாதையில் கல் பெயர்ந்து கிடக்கும், அங்கே வேண்டாம். கப்பன் பார்க்கோ லால்பாகோ, சமதரையாகப் பார்த்து அழைத்துப் போங்கள், நடக்கும்போது போன் பேச விடாதீர்கள். பேசிக்கொண்டே நடப்பது மூளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை, நடுக்கம் உள்ளவர்களுக்கு அங்கேதான் கால் பின்னுகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 3 நாளாவது சமநிலை, தசைப் பயிற்சிகளும் வேண்டும் என்கிறது. அம்மாவுக்கு இன்றைக்குப் பத்து நிமிடம் போதும்.

நடுக்கத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை அம்மா சாப்பிடுகிறாரென்றால், அது நாடித்துடிப்பைக் குறைக்கும், அதனால் துடிப்பை எண்ணி உழைப்பை அளக்க முடியாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. எழுந்ததும் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 62, ஆஸ்துமா உண்டு. தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். நடுக்கம் மட்டும் குறையவே இல்லையே?
- வாசகர், ராமமூர்த்தி நகர்

பதில்: நடை நடுக்கத்தை நிறுத்தாது சார். அது காலுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும். கைக்கு மெதுவான எடைப் பயிற்சி சிலருக்கு ஓரளவு உதவியதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு, ஆனால் கடுமையாகச் செய்தால் அந்த நேரத்தில் நடுக்கம் கூடும். ஆஸ்துமா இருப்பதால் ப்ரோப்ரனலால் உங்களுக்கு ஆகாது, ப்ரிமிடோன் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பூட்டமால்கூட நடுக்கத்தைக் கூட்டும், தானாக நிறுத்திவிடாமல் டாக்டரைக் கேளுங்கள். சாப்பிடவோ எழுதவோ முடியாத நிலை என்றால் நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி ஒரு பெக் போட்டால் கை நிற்கிறது. தொடரலாமா?
- பெயர் வேண்டாம், ஜாலஹள்ளி

பதில்: வேண்டாம். நிற்பது உண்மைதான், பலருக்கு அப்படி நிற்கும். ஆனால் அது இறங்கும்போது நடுக்கம் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்பி வரும், அதை அடக்க இன்னொரு பெக் கேட்கும். அதற்குள் கை அடங்கிய அதே நேரத்தில் கால் தள்ளாடும், ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகும்போது விழுவீர்கள்.