தோட்டத்து அணிலைப் படம் எடுத்தால் கலங்கியே வருகிறது, என்ன செய்யலாம்?

முதலில் ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் வேகத்தை, கூட்டுங்கள். 1/1000 நொடியாவது வேண்டும், இல்லையென்றால் அணில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வால் கலங்கிவிடும். நம்ம திருநெல்வேலிப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ரொம்ப ஏற்றத் தேவையிருக்காது. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் அந்த வெயிலே எதிரி, முதுகின் மூன்று கோடுகளும் வெளுத்துப்போய் ரோமமே தெரியாது.

அதனால் காலை ஏழு மணிக்கே கொய்யா மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். பின்னங்கால்களால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொறிக்கும் பாருங்கள், அப்போது தலை கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நிற்கும். ஃபோகஸ் கண்ணில்தான் இருக்க வேண்டும், கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழுந்தால் படத்துக்கே உயிர் வந்துவிடும். தரையில் இருக்கும் அணிலை நின்றுகொண்டு எடுக்காதீர்கள், நீங்களும் தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள்.

வாலை வெட்டி வெட்டிக் கீச்சிட ஆரம்பித்தால் பூனையைப் பார்த்திருக்கும், அல்லது நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். விலகிவிடுங்கள். கிட்டே வரட்டும் என்று மிக்சர், முறுக்கெல்லாம் போடவே கூடாது, அந்த உப்பும் எண்ணெயும் அதற்கு ஆகாது. கூட்டைக் கலைத்துக் குஞ்சை எடுப்பதும் வேண்டாம்.

அப்புறம், களக்காடு முண்டந்துறைக் காட்டிலுள்ள பெரிய மலை அணிலுக்கு இந்த வித்தை போதாது. அது உயர்ந்த மரத்தின் உச்சியிலேயே திரியும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 400 மிமீ லென்ஸாவது வேண்டும்.