எந்த வேலை பிந்தினா வீடே பிந்தும்? கிறிட்டிக்கல் பாத் கேள்வி பதில்

சைட்டுகளில பிளானிங் பாக்கிற ஆள் நான். வந்த கேள்வியளுக்கு ஒண்டொண்டாப் பதில் எழுதுறன், கணக்கெல்லாம் ஒரே வீட்டை வைச்சுத்தான் போகுது, அப்பதான் என்ன மாறுதெண்டு பிடிபடும்.

கேள்வி (கொக்குவில்): அண்ணை, லெக்சர்ல நெட்வேர்க், அதுதான் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை எண்டு தொடுத்த படம், கீறிக் காட்டினவை. கணக்கு வருது, ஆனா என்னத்துக்குச் செய்யிறன் எண்டு விளங்கேல்ல.

பதில்: தம்பி, படத்தை ஒருக்கா விட்டிட்டு வேலையைப் பாரும். சுவர் எழும்பின வீடு ஒண்டு. கூரை 12 நாள், அது முடிய வயறிங் பைப் 4 நாள். இதுக்குப் பக்கத்தால ஓடாவியார் யன்னல் கதவு செய்ய 15 நாள், பூட்ட 2 நாள். ரெண்டு பக்கமும் முடிஞ்சாத்தான் பூச்சு, அது 10 நாள், பிறகு மாபிள் 8, பெயின்ற் 6. கூரைப் பக்கம் 16, யன்னல் பக்கம் 17, அப்ப பூச்சு 17க்கு முதல் துவங்காது. மொத்தம் 41 நாள். யன்னல், பூச்சு, மாபிள், பெயின்ற், இதுதான் கிறிட்டிக்கல் பாத், கிடக்கிற சங்கிலியளுக்குள்ள ஆக நீளமானது. அதில ஒரு நாள் பிந்தினா வீடு ஒரு நாள் பிந்தும். பின்னால இருந்து கழிச்சுக்கொண்டு வந்தீரெண்டா கூரை 13 மட்டும் போகலாம் எண்டு வரும், அந்த ஒரு நாள்தான் புளோட், வீட்டைப் பிந்தப் பண்ணாமல் ஒரு வேலை பிந்தக்கூடிய நாள்.

கேள்வி (கனடாவில இருந்து, வீடு சுன்னாகத்தில): ஓடாவியார் கொஞ்சம் கூடக் காசு தந்தா 5 நாள் முன்னுக்குத் தாறன் எண்டுறார். குடுக்கட்டோ?

பதில்: குடுக்காதேங்கோ அண்ணை, 5 நாளுக்குக் காசு குடுத்து ஒரு நாள்தான் வாங்குவியள். யன்னல் 12க்கு வந்தாலும் கூரைப் பக்கம் 16லதான் நிக்குது, பூச்சுக்காரர் வந்து என்ன செய்யிறது? பாதை கூரைப் பக்கம் மாறியிட்டுது, வீடு 40 நாள். வெளிநாட்டில இருந்து காசு அனுப்புற ஆக்களுக்கு இதை ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்ல, அதுதான் எனக்குக் கவலை. அவசரப்படுத்த முதல் பக்கத்துப் பாதையில எவ்வளவு புளோட் எண்டு கேளுங்கோ, அதுக்கு மேல குடுக்கிற காசு வீண்.

கேள்வி (நெல்லியடி): உங்கட கணக்கில பூச்சு காயிற நாளே இல்லையே?

பதில்: நல்லாக் கேட்டியள் தங்கச்சி, கனபேர் விடுற இடம் இதுதான். ஆள் நிண்டு செய்யாட்டிலும் காயிறதும் ஒரு வேலைதான், கொங்கிறீற்றுக்குத் தண்ணி விடுறதும் அப்பிடித்தான். பெயின்ற்றுக்கு முதல் 21 நாள் காயவிடுறம், மாபிளை அதுக்குள்ளயே போடுறம் எண்டு வைப்பம், 17, 10, 21, 6 கூட்டினா 54 நாள். மாபிள் இப்ப கிறிட்டிக்கல் இல்லை, அதுக்கு 13 நாள் புளோட் வந்திட்டுது. முதல் கணக்கை நம்பி மாபிள்காரரைப் போட்டு நெருக்கியிருந்தா ஒரு பிரயோசனமும் இல்லை.

கேள்வி (அதே தங்கச்சி): ஆனா குடிபூரலுக்கு 50வது நாள் முடியவேணும், நாள் வைச்சாச்சு.

பதில்: அப்ப புளோட் மைனஸ் 4, கையில இருக்கிற 50 நாளுக்கு 54 நாள் வேலை. இனி பாதையைத் தான் உடைக்கவேணும். பூச்சை ரெண்டாப் பிரியுங்கோ, முன் பக்கம் 5 நாள், பின் பக்கம் 5 நாள். பெயின்ற்றும் மூண்டு மூண்டு நாள். பின் பக்கம் பூசிக்கொண்டிருக்கேக்கையே முன் பக்கம் காயத் துவங்கியிடும், பின் பக்கம் 27ல பூசி முடிய 48 மட்டும் காயும், 51ல பெயின்ற் முடிஞ்சிடும். சதம் செலவில்லாமல் 3 நாள். மிச்ச ஒரு நாளுக்கு ஓடாவியாருக்குக் காசு குடுங்கோ, யன்னலை 16க்குப் பூட்டி முடிக்கட்டும், சரியா 50. ஆனா அப்ப கூரைப் பக்கமும் கிறிட்டிக்கல் ஆகியிடும், ரெண்டு பக்கத்தையும் கண்ணில எண்ணெய் விட்டுப் பாக்கவேணும்.

கேள்வி (சாவகச்சேரி): எங்களிட்ட மேசன் ஒராள்தான், மதிலும் அவர்தான் கட்டவேணும், 14 நாள் வேலை.

பதில்: நெட்வேர்க்குக்கு மேசன் எத்தினை பேர் எண்டு தெரியாது, நாங்கள்தான் பாக்கவேணும். மதிலுக்குப் புளோட் கிடக்குது எண்டு பின்னுக்குத் தள்ளினா பூச்சு நாளில போய் முட்டும். முதல் நாளே துவங்குங்கோ, 14ல முடியும், பூச்சுக்கு ஆள் றெடி. அதோட ஐப்பசி கார்த்திகை மழைக்குள்ள வெளி வேலையை வைக்காதேங்கோ, புளோட்டை மழையே திண்டிடும்.

கேள்வி (கோண்டாவில்): சிபிஎம் (இந்தக் கிறிட்டிக்கல் பாத் முறை), பேர்ட் எண்டு இன்னொரு பிளானிங் முறை, ரெண்டும் ஒண்டோ?

பதில்: கூடப் பிறந்த மாதிரித்தான். சிபிஎம் 1957 அளவில டூபொன்ட் கொம்பனியில மோர்கன் வோக்கரும் றெமிங்டன் றாண்ட் கொம்பனியின்ர ஜேம்ஸ் கெலியும் சேந்து செய்தது. பேர்ட் 1958ல அமெரிக்க நேவியின்ர பொலாறிஸ் ஏவுகணை வேலைக்கு வந்தது. பேர்ட்டில ஒரு வேலைக்கு மூண்டு நாள்க்கணக்கு எடுப்பினம், ஆகக் குறைஞ்சது, வழமையானதை நாலால பெருக்கி, ஆகக் கூடினது, மூண்டையும் கூட்டி ஆறால பிரிக்கிறது. முந்திச் செய்யாத புது வேலைக்கு அது நல்லம்.

கேள்வி (மானிப்பாய்): இந்தக் கணக்குக்கு எம்எஸ் புறொஜெக்ட் எண்ட கொம்பியூட்டர் மென்பொருள் வாங்கவேணுமோ?

பதில்: வீட்டு வேலைக்குக் கொப்பி காணும், பெரிசெண்டா எக்செல். கிழமைக்கொருக்காத் திருப்பிக் கணக்குப் பாக்கிறதுதான் முக்கியம், முதல் நாள் கீறின பாதை கடைசி மட்டும் அப்பிடியே நிக்காது. வேலையாக்களிட்ட எத்தினை வீதம் முடிஞ்சுது எண்டு கேக்காதேங்கோ, 90 வீதம் எண்டு மூண்டு கிழமையாச் சொல்லுவினம். இன்னும் எத்தினை நாள் வேணும் எண்டு கேட்டு, அந்த நாளைப் போட்டுப் பாருங்கோ.